மூன்றாம் வரிசைக் குறட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்து ஹோட்டல் ஒன்றில், முழுப் பன்றி வறுவலுக்கான வரிசையில். மாடியில் டாக்டர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கோளாறுகள் பற்றிய வகுப்பு. இப்படி உட்கார்ந்து புள்ளி சேர்த்தால்தான் அவர்களுடைய உரிமம் புதுப்பிக்கப்படும். நான் ஓய்வு பெற்றவன். எனக்குப் புள்ளி வேண்டாம், பன்றி போதும். (பன்றி, எங்கள் ஊர் மினிபஸ்ஸான ஜீப்னி ஒன்றின் நீளம் இருந்தது. சரி, அரை ஜீப்னி.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து..."

வேண்டாம். நீங்களும் தூங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது: "அன்செல்மோ தன் மனைவியை ஏமாற்றவில்லை, ஆனால்..."

இப்படி ஆரம்பித்தால் மனுஷனை யார் நம்புவார்கள்?

சரி, நேராகவே சொல்கிறேன். அன்செல்மோ மயக்க மருந்து டாக்டர். ஊரையே தூங்கவைப்பவர், வகுப்பு என்றால் தானே தூங்கிவிடுவார். மனைவி பெர்லிட்டா குழந்தை டாக்டர். வளராத குழந்தைகளைச் சுவரோடு நிறுத்தி, குதிகால் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவள். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் சில மாதங்களாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவர் விரலில் கல்யாண மோதிரம் இல்லை.

"விரல் வீங்கிடுச்சு பெர்லி. எல்லாம் பன்னிக் கொழுப்பு."

"அப்படிங்களா டாக்டர்? இன்னும் நல்லா சாப்பிடுங்க டாக்டர்."

மனைவி 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

(நிஜமாகவே இன்னொரு பெண் இருந்தால் கதை சூடு பிடிக்குமே என்று எனக்கும் ஆசைதான். ஒரு பல் டாக்டரம்மாவை எழுதிக்கூடப் பார்த்தேன். அன்செல்மோ அவள் எதிரிலும் தூங்கிவிட்டார். அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டேன்.)

3

மணிலாவிலிருந்து வந்த பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்: "குழந்தைக்குக் கம்மியாச் சுரந்தா கண்டுபிடிச்சிடுறோம். பெரியவங்களுக்கு அதிகமாச் சுரந்தா? ஆள் உயர மாட்டான், எலும்பு தடிக்கும். ரொம்ப மெதுவா. தினம் பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. செருப்பு பத்தாது. குரல் கட்டையாகும். அப்புறம் குறட்டை..."

மூன்றாம் வரிசையிலிருந்து பதில் வந்தது.

அது குறட்டையா? கிமாராஸ் தீவிலிருந்து வந்த படகு ஹாலுக்குள் கரை தட்டியது. (மின்விசிறி நின்றது என்றும் எழுதினேன். அங்கே மின்விசிறியே கிடையாது.)

"சார், செய்முறை விளக்கமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கரோக்கே சாம்பியன்பா! தூக்கத்துலயும் பாடுறான்!"

அதுவும் உண்மை. இரண்டு வருடமாக டாக்டர்கள் சங்கத்தின் பாட்டுப் போட்டியில் அந்தக் கட்டைக் குரலுக்குத்தான் முதல் பரிசு. அறை நிறைய டாக்டர்கள் கைதட்டினார்களே தவிர, ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பேராசிரியரும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்: "அப்புறம், மோதிரம் ஏறாது."

பெர்லிட்டா சிரிக்கவில்லை. தூங்குகிறவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கொழுப்பென்றால் அமுங்க வேண்டும். அமுங்கவில்லை. பிறகு அவருடைய தாடையை, நெற்றியை, மூக்கைப் பார்த்தாள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்த நோயாளியைப் பார்ப்பது போல.

"எந்திரி, அன்செல்மோ."

(கவனித்தீர்களா? 'டாக்டர்' போய்விட்டது. நான் எழுதவில்லை, அவளாகவே சொன்னாள்.)

"சாப்பாடு வந்துடுச்சா?"

"உன் ஷூ அளவு என்ன?"

"ஒன்பது... இல்ல, இப்ப பதினொண்ணு. கம்பெனிக்காரன் சின்னதாத் தைக்கிறான்."

"எல்லாக் கம்பெனிக்காரனுமா?"

அன்செல்மோ நிமிர்ந்து பார்த்தார். திரையில் பெரிய தாடையோடு ஒரு முகம் தெரிந்தது. தன் தாடையைத் தடவிப் பார்த்தார்.

4

(இங்கே மழை பெய்யவைத்து இருவரையும் அழ... வேண்டாம்.)

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மூளைக்கு அடியில, அந்தச் சுரப்பியில கட்டி இருந்தா?"

"மூக்கு வழியா எடுப்பாங்க. நீயே எத்தனை பேருக்கு அதுக்கு மயக்கம் குடுத்திருக்கே!"

"குடுக்கிறது சுலபம் பெர்லி. வாங்கிக்கிறதுதான்..."

சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்தார். "எப்பவும் இங்கதான் இருந்துச்சு. போட முடியல, அதான்."

அவள் வாங்கி அவருடைய சுண்டுவிரலில் நுழைத்துப் பார்த்தாள். பாதியில் நின்றது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வைத்தியம் பண்ணா சதை வத்தும். எலும்பு வத்தாது. மோதிரத்தைப் பெரிசு பண்ணிக்கலாம்" என்றவள், அதைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். "அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

"குரல் போயிடுமா?"

"நீ முன்னாடியும் கேவலமாத்தான் பாடுவே."

5

முடிவு அ: கட்டி இல்லை, குற்றவாளி பன்றிதான். முடிவு ஆ: கட்டி இருந்தது. மணிலாவில் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்தவரையே அன்செல்மோ குறட்டையால் எழுப்பி... (இதைக் கைவிட மனசே வரவில்லை.)

பரிசோதனை முடிவு நாளைக்கு வருகிறது. நாளையை நான் எழுதப்போவதில்லை, பன்றி ஆறுகிறது. பேனா உங்களிடம். கட்டியை வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துவிடுங்கள், உங்கள் இஷ்டம்.

ஒரே நிபந்தனை: நீங்கள் எழுதும் எந்த முடிவிலும் அவள் அவரை 'டாக்டர்' என்று கூப்பிடக் கூடாது.