முழங்கை பட்ட இடம்

காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். பால் காய்ச்சுகிறேன். டீ போடுகிறேன், ஒரு டம்ளர் மட்டும். முகம் கழுவி, நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தால் பட்டறை. ஷட்டரைத் தூக்குகிறேன். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைக்கிறேன். கம்ப்ரஸரைப் போடுகிறேன். அது காற்று நிரம்பி நிற்பதற்குள் டீ முடிந்துவிடும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

புது பெயின்ட்டைப் பழசாக்குவதுதான் என் வேலை. பழைய லாரிகளை வாங்கி, எஞ்சினில் ஆரம்பித்து எல்லாவற்றையும் புதிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவில் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். அப்போதுதான் அவர்களுக்குப் பழசின்மேல் ஆசை வரும். என்னிடம் ஓட்டிவருவார்கள். நான் அதைப் பாதி ஆயுள் வெயிலில் நின்ற வண்டியாக்கித் தருவேன். கல்லூரியில் வேதியியல் படித்தேன். உப்புத் தண்ணீரும் வினிகரும் இருந்தால் ஒரு வாரத்தில் துரு தயார்.

இந்த வேலையில் என்னைவிடத் தெரிந்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அடக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். மற்றவர்கள் கண்ட இடத்தில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பார்கள். நான் முதலில் ஒரு டிரைவரை யோசிப்பேன். குண்டா, ஒல்லியா? கதவை எந்தக் கையால் திறப்பான்? செருப்பா, பூட்ஸா? பாட்டுப் போட்டால் கதவில் தாளம் தட்டுவானா? அந்த ஆள் சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுப்பேன். ஆள் இல்லாத தேய்மானம் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

என் மனைவி இதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"உன் துரு மேக்கப் துரு. முகம் கழுவினா போயிடும்."

அவளிடம் ஒரு மூக்கு லாரி இருந்தது, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய ரகம். அவள் அப்பாவுடையது. நாற்றுச்செடி, நாற்காலி, வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோ, எது கிடைத்தாலும் ஏற்றுவாள். நீல வண்டி. மாமா காலத்தில் அடித்த நீலம், அதன் மேல் யாரும் கைவைத்ததில்லை. கூரையில் வெளுத்து, பக்கத்தில் கொஞ்சம் தங்கி, பம்பருக்குமேல் கல்பட்டுப் பொரிந்திருக்கும். டிரைவர் கதவின் மேல்விளிம்பில், அவள் முழங்கையை வைக்கிற இடத்தில், நீலம் போய், அடியிலிருந்த செங்காவி பிரைமரும் போய், இரும்பு தெரியும். துருப்பிடிக்காத இரும்பு. தோலின் எண்ணெய் ஏறிப் பழுப்பாக மினுங்கும். அந்த நிறத்தை நான் பலமுறை வேறு வண்டிகளில் முயன்றிருக்கிறேன். கிட்டத்தட்ட வரும்.

"என் வண்டிப் பக்கம் அந்த கன்ன தூக்கிட்டு வந்தே, கைய உடைப்பேன்" என்பாள். ஸ்பிரே கன்னைத்தான் சொல்வாள்.

ஊரில் வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கும். தானாகப் பழசான பெயின்ட்டுக்கென்று அதில் ஒரு தனி வரிசை உண்டு. அந்த வரிசையில் தன் வண்டி நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதன் விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "நசுங்கினா பரவாயில்ல, பூசினாத்தான் தப்பு." அவளுக்கு இருந்ததாக எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆசை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவள் போனபின் உறவுக்காரர்கள் சொல்லி எனக்குத் தெரியவந்தவை.

போன வருடம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருந்தாள். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.

அப்போது எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசியாக என்ன சொன்னாள்? நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள். முதல் நாள் அது "அம்மாவைப் பார்த்துக்கோ" என்றிருந்தது. வாரம் முடிவதற்குள் "அடுத்த பிறவியிலும் நீங்கதான்" என்று வளர்ந்துவிட்டது. அவள் என்னை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். அவள் போனபின் வண்டி அத்தை வீட்டு, அதாவது அவள் அம்மா வீட்டு, வாசல் மரத்தடியில்தான் நின்றது.

"மாப்ள, கிளை முறிஞ்சு விழுந்திருச்சு."

"யாருக்காவது அடியா?"

"வண்டிக்குத்தான். டிரைவர் கதவு சப்பையாப் போச்சு. மூட வரல."

போய்ப் பார்த்தேன். கிளை கதவின் மேல்விளிம்பில் நேராக இறங்கியிருந்தது. அவள் முழங்கை வைக்கிற இடம் உள்ளே மடிந்து கிடந்தது.

"அடுத்த மாசம் கண்காட்சி" என்றார் மச்சான். "தங்கச்சி பேர்ல நானே பதிஞ்சுட்டேன். இந்தக் கதவோட எப்படி நிறுத்தறது? அசிங்கமா இருக்கும். நீ ஒரு கதவு செஞ்சிடு."

"அந்த வரிசையில செஞ்ச கதவு கூடாது மச்சான்."

"தெரிஞ்சாத்தானே! உன் கைவேலய எவன் கண்டுபிடிப்பான்?"

"ஒருத்தனாலும் முடியாது."

"அப்புறம் என்ன? அவ வண்டியில கைவைக்காதன்னா. கதவ தனியாத்தானே செய்யப்போற!"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள். மின்விளக்குக் கடை வைத்திருக்கிறார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தோம். பழைய கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துச் சாக்கு போட்டு மூடினேன், தூசி படாமலிருக்க. அதே ரகத்தில் வேறொரு கதவைத் தேடிப்பிடித்தேன். பிரைமர் அடித்தேன். நீலத்தை மூன்று பதத்தில் கலந்து, வெயில் பட்ட கோணத்துக்கு ஏற்ப வெளுக்கவைத்தேன். சாவித் துவாரத்தைச் சுற்றிச் சாவிக்கொத்து ஆடிய பிறைக்கீறல். கீழ் மூலையில், மழைத்தண்ணீர் தேங்குகிற இடத்தில் மட்டும் துரு. பெயின்ட்டின் கனத்தைக் கருவி வைத்துப் பார்ப்பார்கள் என்பதால் அதையும் வண்டியின் மற்றப் பக்கத்தோடு ஒத்துப்போகும்படி இழைத்தேன். கதவை மாட்டி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, முழங்கையை வைத்து இடம் குறித்து, அங்கே இரும்பு தெரியத் தேய்த்தேன். அந்தப் பழுப்பும் இந்தமுறை வந்தது. கிட்டத்தட்ட அல்ல, அப்படியே.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். என் கைக்குத் தெரிந்ததிலேயே நல்ல வேலை.

மச்சான் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுற்றிவந்து, கதவைத் தடவி, விசில் அடித்தார்.

"அம்மா, எது பழசு எது புதுசு சொல்லு பார்ப்போம்!"

அத்தை கதவின் பக்கம் வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். அவரும் ஒரு காலத்தில் இந்த வண்டியை ஓட்டியவர். உயரமும் மகளுடைய உயரம்தான். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"சீட்ட யாரு பின்னாடி தள்ளினது?"

"நான்தான் அத்தை. முட்டி இடிச்சுது."

கம்பியை இழுத்து, சீட்டை முன்னால் நகர்த்தினார். டக்கென்று பழைய பல்லில் போய் விழுந்தது. முழங்கையைக் கதவின்மேல் வைத்தார். முழங்கைக்குக் கீழே நீலம் அப்படியே இருந்தது. நான் தேய்த்த இடம் நாலு விரற்கடை பின்னால் மினுங்கியது.

"இது யாரு கை மாப்பிள்ளை?"

"நாலு விரல்தானேம்மா" என்றார் மச்சான். "இத எவன் பார்க்கப் போறான்?"

"நான் பார்க்கறேனே. எனக்குக் கண்ணு இல்லயா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்க கை. அவ கை இங்க இருக்கும்."

வேறொருவன் செய்திருந்தால் இந்தத் தவற்றை வைத்து ஒரு வருடம் சிரித்திருப்பேன். முகம் தெரியாத டிரைவர்களை எல்லாம் யோசித்து யோசித்து உட்காரவைத்தவன் நான். இந்த வண்டிக்கு மட்டும் யோசிக்கவில்லை. நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"பழைய கதவு எங்க?"

கையைக் காட்டினேன்.

"சாக்க எடுங்க."

"தூசி படும் அத்தை."

"படட்டும். லாரிக்கு என்ன தூசி?"

எடுத்தேன். கழற்றிய பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன். மடிப்புக்குள் அந்தப் பழுப்பு பத்திரமாக இருந்தது. அத்தை குனிந்து கட்டைவிரலால் அதைத் தடவினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத நிமிர்த்த முடியாதா?" என்றார்.

"முடியும்."

"பெயின்ட் போகாம?"

"கொஞ்சம் உதிரும். மேல பூச மாட்டேன்."

"பள்ளம் தெரியுமே மாப்ள!" என்றார் மச்சான்.

"தெரியட்டும் மச்சான். நசுங்கினா பரவாயில்ல, பூசினாத்தான் தப்பு."

அந்த வாக்கியம் யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

வெயில் ஏறியபின் கதவை முற்றத்தில் போட்டு, இரும்பு சூடேறிப் பெயின்ட் இளகும்வரை காயவிட்டேன். உள்பக்கத் தகட்டைக் கழற்றினேன். வெளியே மணல் அடைத்த தோல்பையை அண்டைகொடுத்து, உள்ளேயிருந்து மரச்சுத்தியலால் தட்டினேன். ஓங்கி அடிக்கிற வேலை இல்லை. தட்டவேண்டும், தடவிப் பார்க்கவேண்டும், மறுபடி தட்டவேண்டும். வெயில் இறங்கினால் நிறுத்திவிடுவேன். குளிர்ந்த பெயின்ட் தெறிக்கும். மடிப்பு விரிய விரிய நீலத்தில் வலைபோல் கீறல் விழுந்தது. சில செதில்கள் உதிர்ந்தன. அங்கே வெறும் இரும்பு. அப்படியே விட்டேன். பழுப்பில் ஒரு துளி போகவில்லை.

கதவு இப்போது மூடுகிறது. கொஞ்சம் தூக்கி, சத்தமாக அறைய வேண்டும். பள்ளம் தூரத்திலிருந்தே தெரியும். சீட்டை முன்னால் தள்ளினால் பழுப்பு அத்தையின் முழங்கைக்கு நேராக வருகிறது.

செய்த கதவைப் பட்டறைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன், மாதிரி கேட்கிறவர்களுக்குக் காட்ட. நல்ல வேலை அது. வேறொரு ஆளின் கதவு, அவ்வளவுதான்.

கண்காட்சி மைதானத்துக்கு வண்டியை நானே ஓட்டிப்போனேன். சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. ஸ்டியரிங் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. அத்தை பக்கத்து சீட்டில். மச்சான் பின்னால் ஒரு கரும்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் அதன் கதையை எழுதிவைக்க வேண்டும். இவர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கடைசி வரி: 'இந்த வண்டிதான் என் உயிர் என்பதே அவள் இறுதியாகச் சொன்ன வார்த்தை.'

சோதிக்க வந்தவர் நரைத்த கிராப்பு வைத்த ஒரு பெண்மணி. கையில் டார்ச், கழுத்தில் கனம் பார்க்கும் கருவி. கூரையில் ஆரம்பித்து ஒரு இடம் விடாமல் வைத்துப் பார்த்தார். டிரைவர் கதவில் நின்றார்.

"என்ன ஆச்சு?"

"கிளை விழுந்துச்சு."

"நீங்க அந்தப் பெயின்ட் பட்டறைக்காரர்தானே? உங்க வேலைய ஒரு தடவ நானே பழசுன்னு நம்பிட்டேன். இத ஏன் சரி பண்ணல?"

"பண்ணிட்டேன் மேடம். இதுதான் சரி."

அவர் டார்ச்சைச் சாய்த்து மடிப்பின் கீறல்களைப் பார்த்தார். பழுப்பில் விரல் வைத்தார். தலையாட்டினார். அப்புறம் கதவுக்கு முன்னாலிருந்த மட்கார்டுக்குக் குனிந்தார். அங்கே வெளுத்த நீலத்தில் ஒரு வட்டம். சின்னது. ஓரம் மட்டும் கருநீலமாக இருந்தது.

"இது?"

எனக்கு அது அங்கே இருப்பது தெரியும். பட்டறையில் வண்டி நின்ற நாட்களில் எல்லாம் அந்தப் பக்கம் போகும்போது வேறெங்கோ பார்ப்பேன்.

"சூடான டம்ளர் வச்சது."

"யாராவது வேணும்னு செஞ்சதா?"

"இல்ல. டீ குடிச்சப்போ வச்சது. நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். பையிலிருந்து பச்சை வில்லையை எடுத்துக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினார். தானாகப் பழசான வரிசைக்கு அந்த நிறம். மச்சான் கைதட்டினார். அத்தை வில்லையின் ஓரத்தைச் சுற்றி நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டார், கழன்றுவிடுமோ என்பதுபோல.

சோதனைக்காரர் அடுத்த வண்டிக்குப் போனார். மச்சான் பலகையை வண்டிக்கு முன்னால் நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தார். அத்தை அதைப் படித்தார். மெதுவாக, விரல் வைத்து, கடைசி வரிவரை.

"இத அவ சொன்னாளா?"

"சொல்லியிருப்பாம்மா. அவ சுபாவம் தெரியாதா?"

"உன்ன கேக்கல." அத்தை என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, பள்ளத்தையே மறைக்காம கொண்டுவந்துட்டோம். இது மட்டும் எதுக்கு? அவ உங்ககிட்ட என்னதான் சொன்னா?"

மச்சான் தோளில் கிடந்த துண்டை வாங்கிக் கடைசி வரியைத் துடைத்தேன். சாக்பீஸ்தான், ஒரே இழுப்பில் போனது.

அவள் கடைசியாக வண்டி எடுத்த அன்றைக்கும் எல்லா நாளையும் போலத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சீட்டில் இருந்தாள், முழங்கை அந்த இடத்தில். நான் டீயோடு வெளியே வந்து, ஷட்டரைத் தூக்க வேண்டியிருந்ததால் டம்ளரைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்தேன். அவள் கியரைப் போட்டுக்கொண்டே தலையை வெளியே நீட்டினாள். அத்தையிடம் அதை அப்படியே, அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"டம்ளர வண்டி மேல வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? எடு, வட்டம் விழுந்துரும்."