மேற்கண்ட கருத்துக்கு உடன்படுகிறேன்

எங்கள் நகராட்சியில் எந்த முடிவானாலும் அது மின்னஞ்சலில் ஒவ்வொருவராகச் சுற்றி வந்துதான் தீர வேண்டும். முதல் ஆள் படித்துவிட்டு, கீழே தன் கருத்தை எழுதி, 'முடிந்தது' என்று அழுத்தினால்தான் அடுத்தவரின் பெட்டிக்குப் போகும். எல்லோருடைய கருத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இதனால் ஒவ்வொருவரும் சுயமாகச் சிந்திப்பார்கள் என்று தலைநகர் சோபியாவிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். பாவம், எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

வரிசையில் முதலில் இருப்பது கணக்குப் பிரிவு சகரீனா. அவள் எழுதியதன் கீழே நாங்கள் எல்லோரும் 'மேற்கண்ட கருத்துக்கு உடன்படுகிறேன்' என்று எழுதுவோம். நாளைக்கு வில்லங்கம் வந்தால் மேலே இருப்பவரைக் கை காட்டலாம் அல்லவா? சகரீனாவுக்குக் கை காட்ட ஆளில்லை. அதனால் அவள் எப்போதும் 'ஆட்சேபம் இல்லை' என்று மட்டும் எழுதுவாள்.

மே மாதத்தில் கமென்தோல் கிராமத்துப் பேருந்தை நிறுத்தும் தீர்மானம் சுற்றுக்கு வரப்போவதாகத் தெரிந்தது. அதில் ஏறுபவர்கள் குறைவு. ஏறுபவர்களில் ஒருத்தி, எங்கள் நிலப் பதிவுப் பிரிவு லாச்செசாரின் மகள் ராலித்சா. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு வேறு வண்டி கிடையாது. லாச்செசார் வேலைக்கு வருவதோ எதிர்த் திசையில். பேருந்து நின்றால், பதினோரு வயதுப் பெண்ணை விடுதியில் விட வேண்டும்.

மனைவி சுட்ட, பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாவைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவன் மேசை மேசையாக வந்தான். வரிசையில் அவன் நான்காவது ஆள். தனக்கு முன்னால் யாராவது ஒருவர் ஆட்சேபம் எழுதினால் போதும் என்றான். சகரீனா இரண்டு துண்டு பனிட்சாவைத் தின்றுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"லாச்சோ, நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல்ல எழுதுறவ நானில்ல? கேள்வி கேட்டா யாரைக் காட்டுறது?"

இரண்டாவது ஆளான என்னிடம் வந்தான். சகரீனா எழுதினால் நானும் எழுதுகிறேன் என்றேன். அது பொய்யில்லை. மூன்றாவது ஆள், சட்டப் பிரிவு ஸ்னெஷினா. எங்கள் இருவர் கருத்தும் இருந்தால் அதற்குத் தோதான சட்ட விதியைத் தானே தேடித் தருவதாகச் சொன்னாள். எல்லோருக்கும் அவன் மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

திங்களன்று தீர்மானம் வந்தது. சகரீனா 'ஆட்சேபம் இல்லை' என்றாள். நான் உடன்பட்டேன். ஸ்னெஷினா உடன்பட்டாள். மத்தியானத்துக்கு முன்பே அது லாச்செசாரின் பெட்டிக்குப் போய்விட்டது.

அன்று முழுக்க அவன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காப்பி எடுக்கப் போகிற சாக்கில் பின்னால் நின்று பார்த்தேன். 'இது பள்ளிக் குழந்தைகளை' என்று அடித்திருந்தான். திரும்பி வரும்போது அதுவும் இல்லை. அவன் எழுதிவிட்டால், நீங்கள் மூவரும் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேள்வி வரும். அவன் எழுத வேண்டும் என்றும் இருந்தது, எழுதக் கூடாது என்றும் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் எழுதினான், எழுத்து மாறாமல் எங்கள் வாசகத்தையே. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்து இப்போதும் எரிச்சல் வருகிறது.

மறுநாள் செயலாளர் டோப்ரொமிர் அவனைக் கூப்பிட்டார். கடைசிக் கையெழுத்து அவருடையது. அறைக் கதவு திறந்தே இருந்தது.

"உன் பொண்ணு அந்த பஸ்லதானப்பா போகுது?"

"ஆமாங்க."

"ஒரே ஒருத்தர் வேண்டாம்னு எழுதியிருந்தாக்கூடப் போதும், திருப்பி அனுப்பியிருப்பேன். கவுன்சில்ல காட்ட எனக்கும் ஒரு வரி வேணுமே. நீயாவது எழுதுவேன்னு நினைச்சேன்."

"மேல யாருமே எழுதலீங்களே" என்றான் லாச்செசார்.

"நானும் அதைத்தான் பார்த்தேன்" என்றார் டோப்ரொமிர். "பார்த்துட்டுக் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்."