பங்காளி வீட்டு விண்டோஸ்

எங்கள் நெல் உலர்த்தும் இயந்திரத்தின் நெற்றியில் என் தகப்பனார் பெயர் எழுதியிருக்கிறது. வழக்கப்படி எங்கள் நெல்லை முதலில் அடியில் இறக்கியிருந்தோம்; அதன்மேல் ஊரார் ஐப்பசி மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கொட்டியிருந்தார்கள். அன்று அதை உலர்த்தும் காற்றாடி நின்றுபோனது.

அதை இயக்கும் மென்பொருளை எழுதியவள் என் மருமகள் வானதி. பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் திருத்தியதை விண்டோஸ் கணினியில்தான் மறுபடி உருவாக்க வேண்டும். அவளுடையது முதல் நாள் இடியில் கருகிவிட்டது. மிஞ்சியது விண்டோஸ் இல்லாத ஒரு லினக்ஸ் மடிக்கணினி. மழையில் இணையமும் போய்விட்டது.

"சின்ன மாமா வீட்ல விண்டோஸ் இருக்கு மாமா."

அவள் சொன்னது என் பங்காளி பரணிதரனை. வாய்க்கால் தகராறில், அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

"அந்தப் படி மிதிக்க வேண்டாம்" என்றேன்.

அவள் லினக்ஸுக்குள்ளேயே கண்டெய்னர் என்று ஓர் அடைப்பை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸ் வேடம் கட்டும் வைன் என்ற நிரலை வைத்தாள். மென்பொருளை உருவாக்கும் கருவிகள் அதை விண்டோஸ் என்றே நம்பிப் பாதிவழி ஓடின. பிறகு அசையவில்லை. நெல்லுக்குள் கையை விட்டேன். ஈரத்தில் புழுங்கிச் சுட்டது.

அக்கரைத் தெரு செபஸ்தியம்மாள் குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். "உங்க அப்பா பேரைப் பாத்துத்தான்யா கொட்டுனேன். பேரு வந்து ஊதிக் காய வைக்குமா?"

"மாமா, உள்ள ஒரு சின்ன ஜன்னல் தொறந்து 'சம்மதமா'ன்னு கேட்டுட்டு நிக்குது! அந்த அடைப்புக்குள்ள திரையே கெடையாது, யாரு பதில் சொல்றது?" என்றாள் வானதி. ஒரு பொய்த்திரை வைத்துச் சம்மதம் கொடுத்தாள். மறுபடி ஓடியது. கடைசியில் சிவப்பு எழுத்துகள்.

"வேஷம் கலைஞ்சிடுச்சு மாமா. அடுத்த படிக்கு நிஜ விண்டோஸ் வேணுமாம்."

நெல்லில் அவிந்த வாடை கிளம்பியது. செபஸ்தியம்மாள் சாக்கை விரித்தாள். எங்கள் இடத்திலிருந்து எவரும் நெல்லைத் திருப்பி அள்ளிப் போனதில்லை.

நனைந்தபடி நடந்தேன். பரணிதரன் கதவைத் திறந்தான்.

"என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"உன் கம்ப்யூட்டர் வேணும்."

மடிக்கணினியைக் கொண்டுவந்தான். மறு கையில் ஒரு சொம்பு தண்ணீர். "மழையில வந்திருக்கீங்க. ஒரு வாய் குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க." கணினியை அவன் கை விடவில்லை.

நின்றபடியே குடித்தேன். கணினியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, தெரு பார்க்க ஓடினேன்.

காற்றாடி சுழலத் தொடங்கியபோது அடிநெல் கறுத்துவிட்டிருந்தது. செபஸ்தியம்மாள் மேலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, சாக்கை மடித்தாள்.

"அடியில போனது யாரு நெல்லுய்யா?"

"என்னோடது" என்றேன்.