முதுகு காட்டி உட்கார்ந்த அம்மா

லொரிண்டாவின் அம்மா அடுப்பைப் பார்த்து, வந்தவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகனாக வரப்போகிறவனின் முகத்தை மாமியார் பார்க்கக் கூடாது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களில் பழைய ஆட்கள் அதை விடுவதில்லை.

ஹார்லனுக்கு அது தெரியாது. "உங்கம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று மெதுவாகக் கேட்டான். லொரிண்டா வழக்கத்தைச் சொன்னாள்.

இருவரும் எட்டு வயதில், யூட்டா மாநிலத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையார் வீடுகளில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டவர்கள். லொரிண்டா கோடை விடுமுறைக்கு ஊர் திரும்புவாள். ஹார்லன் திரும்பவே இல்லை. போன அடுத்த வருடமே அவன் அம்மா இறந்துவிட்டாள். நீங்கள் லாமானியர், கடல் தாண்டி வந்த இஸ்ரவேல் வம்சம், முன்னோர் செய்த பாவத்தால் தோல் கறுத்தது, விசுவாசமாக இருந்தால் வெளுக்கும் என்று அந்த வீடுகளில் சொல்லித் தந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் வளர்ப்புத்தாய் லொரிண்டாவின் கையைத் தன் மகள் கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். "ஊருக்குப் போனா மறுபடி கறுத்துடுறே" என்பாள். வெயில்தான் காரணம் என்று லொரிண்டாவுக்குத் தெரியும். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டதில்லை.

கல்யாணப் பேச்சைக் கேட்டதும் சபையின் பிஷப் மகிழ்ந்துபோனார். இருவருமே இஸ்ரவேலில் மனாசேயின் கோத்திரம், இதைவிடப் பொருத்தம் எது என்றார்.

அம்மா திரும்பாமலே, நவஹோ மொழியில், அவன் குலத்தைக் கேட்கச் சொன்னாள். ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு வருடம் பழகியும் இவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

"மனாசே" என்றான் ஹார்லன்.

"யாருடி அது? எந்தப் பக்கத்து ஆளு?"

லொரிண்டா வேதத்திலிருந்து விளக்கப் பார்த்தாள்.

"அவ்வளவு தூரம் போக வேணாம். அவனைப் பெத்தவ யாருன்னு கேளு."

டெஸ்பா என்ற பெயரும் மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரும்தான் அவனுக்கு நினைவிருந்தன. அம்மாவின் கரண்டி நின்றது. ஒரு காது கேட்காதே, அவளா என்று விசாரிக்கச் சொன்னாள். ஆமா, இந்தக் காது என்று அவன் தன் இடது காதைத் தொட்டுக் காட்டியதை லொரிண்டா எடுத்துச் சொன்னாள்.

அம்மா எழுந்து திரும்பி, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கசப்புநீர்க் குலம். நம்ம குலம். உனக்கு அண்ணன்டி இவன்."

தாயின் குலம்தான் பிள்ளைக்கு. ஒரே குலத்தில் கல்யாணம் என்று யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள்.

"பிஷப் சரின்னுட்டாரும்மா."

"அவருக்கென்ன, அவரா கட்டிக்கப் போறாரு?" அம்மா ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி ஹார்லன் முன்னால் வைத்தாள். "சாப்பிடு மகனே."

அவன் நவஹோ மொழியை மறந்து வருடங்களாகிவிட்டன. அந்த ஒரு சொல்லை மட்டும் லொரிண்டா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் தலைகுனிந்துகொண்டான்.

"நாம இதையெல்லாம் நம்பி வளரலையே ஹார்லன்" என்றாள் லொரிண்டா. "நம்ம முடிவு முடிவுதானே?"

"ஆமா..." என்றவன் தட்டைப் பார்த்தான். "கல்யாணம் ஆயிட்டா இவங்க மறுபடி திரும்பி உக்காந்துக்குவாங்களா?"

லொரிண்டா தன் தட்டிலும் குழம்பை ஊற்றிக்கொண்டாள். சபையின் புத்தகம் சொல்வது சரியென்றால் எல்லாருமே ஒரு தகப்பன் பிள்ளைகள். அப்போது யாரைத்தான் கட்டுவது? அம்மா சொல்வது சரியென்றால், ஒரு வருடமாக அவள் கைகோத்து நடந்தது யாரோடு? இரண்டையும் அவளால் முழுதாக நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

ஹார்லன் சாப்பிடத் தொடங்கினான். அவள் வழக்கம்போல அவன் பக்கத்தில் உட்காரப் போய், பாதியில் நின்றாள்.

"உக்காரேன்டி, அண்ணன்தானே" என்றாள் அம்மா.

லொரிண்டா தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள்.