பக்கத்தில் நீண்ட கை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முப்பத்தைந்து வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்தவர். முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்பது அவருடைய பெருமை. மருமகனை அவர் எடை போட்டு இரண்டு வருஷமாகிறது. தலைக்கனம் பிடித்தவன்.

காரணம் இல்லாமல் இல்லை. தினமும் காலை எட்டரைக்கு, பேத்தியைப் பள்ளியில் விட அவன் கார் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். இவர் வாசலில் விறைப்பாக நிற்பார். ஒரு தலையசைப்பு கிடையாது. போதாததற்கு ஒரு கல்யாண வீட்டில், சம்பந்திகள் நாலு பேர் பார்க்க இவர் கை நீட்ட, அவன் அந்தக் கையைத் தாண்டிப் போய்விட்டான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். அன்றே சொல்லிவிட்டார், இனி என் வீட்டுப் படியை அவன் மிதிக்கக் கூடாது என்று. மானம் போன பிறகு உறவு எதற்கு?

இன்று எட்டேகால் தாண்டி மகள் கடைக்கு வந்தாள். கையில் இரண்டாக உடைந்த கண்ணாடி.

"அவரோடதுப்பா. உடனே சரி பண்ணித் தர முடியுமா?"

"எப்படி உடைஞ்சது? யார் மேலயாவது பாய்ஞ்சானா?"

"கதவுல இடிச்சுக்கிட்டார். இந்த மாசம் மூணாவது தடவை."

"தலையைத் தூக்கிக்கிட்டே நடந்தா இடிக்கத்தான் செய்யும்."

மகள் சண்டைக்கு வரவில்லை. "டம்ளரைப் பக்கத்துல வச்சா தட்டி விட்டுடறார். பாப்பா ஒட்டி நின்னாலும் எங்கேன்னு தேடறார். நேரா நின்னா ஒழுங்கா பேசறார். கவனமே இல்லைன்னு நானும் தினம் திட்டறேன்."

பிரேமைத் திருப்பிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. எழுத்து அட்டையின் கடைசி வரியை அவன் கடகடவென்று வாசித்தது இதே கடையில்தான். பார்வையில் குறை பெரிதில்லை என்று எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்கத் தோன்றவில்லை. குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிறவனிடம், ஓரமாக நின்று மரியாதை கேட்டிருக்கிறார்.

"இப்ப எங்க அவன்?"

"பாப்பாவோட கிளம்பியிருப்பார். பழைய கண்ணாடி போட்டுக்கிட்டு."

"போன் போடு."

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "கார் ஓட்டும்போது எடுக்க மாட்டார்ப்பா. என்ன ஆச்சு? சொல்லுங்க."

அவர் வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் மருமகனின் கார் இந்தப் பக்கம் திரும்பியது. சந்திலிருந்து வந்த சைக்கிளை உரசுவதுபோல், வேகம் குறையாமல் தாண்டியது. சைக்கிள்காரன் காலை ஊன்றிக்கொண்டு திட்டினான். பின் இருக்கையில் பேத்தியின் சிவப்பு ரிப்பன்.

இங்கே நின்று கையசைத்துப் பயனில்லை. இரண்டு வருஷம் ஓரத்தில் நின்றவர் நடுச்சாலைக்குப் போய், காருக்கு நேரெதிரே கைகளை விரித்து நின்றார்.

முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. மருமகன் இறங்கினான். முகம் இருண்டிருந்தது.

"நடுரோட்டுல வச்சு மானத்தை வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா மாமா? உள்ள குழந்தை இருக்கா."

அவர் அவன் காதோரமாக மூன்று விரலை நீட்டினார்.

"என் மூக்கையே பாருங்க, மாப்பிள்ளை. கையில எத்தனை விரல்?"

"எந்தக் கை?"

கையை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல்கள் அவருடைய மூக்கை நெருங்கிய பிறகுதான் அவன், "மூணு" என்றான். பிறகு குழப்பத்தோடு கேட்டான், "இப்பதானே நீட்டினீங்க?"

கடை நிறைய லென்ஸ் இருந்தது. இதற்கு உதவுவது ஒன்றுகூட இல்லை. அவர் இன்னொரு கையை அவன் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க."