மூன்றாம் தள விளக்கு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. குரலைக் கேட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

"ஏய் டார்லா, உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்."

"நம்ம ஜெயிலை மியூசியம் ஆக்கிட்டாங்களாமே. நீதான் சுத்திக் காட்டுறியாம். சனிக்கிழமை வர்றேன். எங்க சர்ச் பொம்பளைங்க பன்னெண்டு பேரு, ஒரு வேன். ஆமா, மூணாம் தளத்துல அந்த ஃபோன் இன்னும் சுவத்துல தொங்குதா?"

"தொங்குது."

"அந்தப் பாழாப்போன ஃபோன் முன்னாடி நின்னு நாலு கேள்வி கேக்கணும்டி. என் வேலையையே தின்னுட்டுது அது."

முட்டை தீய்ந்துபோயிற்று.

பேசியவள் வெர்லீன் டப்ஸ். 1978இல், கால்டர் ஃபெரி ஆண்கள் சிறையில், நானும் அவளும் ஒரே திங்கட்கிழமை காவலர்களாகச் சேர்ந்தோம். நூறு வருஷத்துச் சிறையில் முதல் இரண்டு பெண்கள். அடுத்த வருஷம் அவள் வேலை போயிற்று. என் வேலை போகவில்லை. அந்தத் தொலைபேசி ஒரு பாவமும் செய்யவில்லை என்பது இன்று உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை அவள் அதைக் கையில் எடுப்பாள். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

2

எனக்குக் கதை எழுதத் தெரியாது. ஊர் நூலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. "நீங்கள் எதை இழந்து ஏங்குகிறீர்களோ அதை எழுதுங்கள்" என்றாள் ஆசிரியை. எல்லாரும் செத்துப்போன நாயைப் பற்றி எழுதினார்கள். நான் சிறைக்கு ஏங்குகிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எழுத்து என்று நான் கற்றது பணிப் புத்தகம் ஒன்றைத்தான். யார் கதவைத் திறந்தார்கள், எந்த மணிக்கு எத்தனை பேரை எண்ணினோம், எல்லாம் அதில் ஏறும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடித்த வரி அடியில் தெரிய வேண்டும், பக்கத்தில் பெயரின் முதலெழுத்து வேண்டும். எழுதியவர்தான் அடிக்கலாம், வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இங்கேயும் அப்படித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[அது ஓர் அழகான ஆகஸ்ட் பிற்பகல். — அடித்தேன். டா.வீ. அந்தக் கட்டடத்துக்குள் ஆகஸ்டில் அழகாக எதுவும் இருந்ததில்லை.]

[நார்மா என்றொரு இளம் காவலர் இருந்தாள். நல்லவள்தான், ஆனால் பயந்தவள். ஒருநாள் அவள் — அடித்தேன். டா.வீ. நார்மா என்று யாரும் கிடையாது. மூன்று பக்கம் அவள் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.]

3

அந்த நாட்களைச் சொல்கிறேன். சொல்லும்போதே மனசு இளகிவிடுகிறது, என்ன செய்ய.

உயரம் போதாது, எடை போதாது என்று பெண்களை நிறுத்தக் கூடாது என நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எங்களை எடுத்தார்கள். எடுத்தார்களே தவிர, வைக்க இடமில்லை. உடை மாற்ற, துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையைக் கொடுத்தார்கள். ஒருவர் சட்டை மாட்டும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு இடம். சட்டையும் ஆண்களுடையது. என் கால்சட்டையில் இன்னொரு ஆள் நுழையலாம். வெர்லீன் அதைப் பார்த்துவிட்டு, "பின்னாடி வாடகைக்கு விடுடி" என்றாள். தரை மெழுகு வாசனையில் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை வேறெங்கும் நான் சிரிக்கவில்லை. இரண்டு கல்யாணம் செய்துகொண்டவள் சொல்கிறேன்.

புதன்கிழமை பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும். அவள் ரொட்டியின் ஓரத்தை எனக்குப் பிய்த்துக் கொடுப்பாள், எனக்கு மொறுமொறுப்பு பிடிக்கும் என்று. அந்தத் துண்டில் அவள் கைச்சூடு நெடுநேரம் இருக்கும்.

ஆண்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். அவளிடம் பேசவே இல்லை. அவள் கறுப்பினப் பெண். நான் பெண் மட்டும். எனக்கு ஒரு சுவர் என்றால் அவளுக்கு இரண்டு. முதல் வாரமே அவளுடைய கொக்கியில் யாரோ சமையல் ஏப்ரன் ஒன்றை மாட்டிவைத்தார்கள். அவள் தினமும் அதில் பூட்ஸைத் துடைத்து, அழகாக மடித்து, அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். மூன்றாவது வாரம் ஏப்ரன் காணாமல் போயிற்று.

"பூட்ஸ் பளபளன்னு இருந்துச்சு. கெடுத்துட்டானுங்க," என்றாள்.

4

(பக்கத்தில் ஒரு குறிப்பு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சுற்றிக்காட்டும்போது நான் இதைத்தான் ஒப்பிப்பேன்: இந்த நாட்டில் முதலில், ஆளைத் தனி அறையில் பைபிளோடு பூட்டினால் தானாக நல்லவனாகிவிடுவான் என்று நம்பினார்கள். பலருக்குப் புத்தி பேதலித்தது. பிறகு, பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வரிசையாக வேலை செய்தால் திருந்துவான் என்றார்கள். பிறகு பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, நன்னடத்தைக்கு முன்விடுதலை. என் காலத்தில் வாசல் பலகையில் 'சிறை' என்பதை எடுத்துவிட்டுச் 'சீர்திருத்த நிலையம்' என்று எழுதினார்கள். நாங்களும் காவலாளிகளிலிருந்து 'சீர்திருத்த அலுவலர்கள்' ஆனோம். பலகைக்குப் பின்னால் அதே சுவர், அதே அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். நாலு மணிக்கு எண்ணுவோம். எண்ணிக்கை சரியாக வந்தால் அன்றைக்கு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று கணக்கு.

கடைசி வரியை மேலாளர் சொல்லக் கூடாது என்றிருக்கிறார். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

5

இனித் தப்ப முடியாது. 1979, ஆகஸ்ட் 14.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சின்ன விளக்கு. தளத்தில் இருக்கும் காவலர் ஆபத்து என்றால் பேசக்கூட வேண்டாம். சுவரில் தொங்கும் ரிசீவரைக் கொக்கியிலிருந்து எடுத்தால் போதும், இங்கே விளக்கு எரியும். பலகை முன் இருப்பவர் நேரத்தை எழுதிவிட்டு ஆட்களை அனுப்ப வேண்டும்.

அன்று பலகை முன் நான். எனக்குப் பக்கத்தில் காபியோடு சார்ஜன்ட் பக்னர். மூன்றாம் தளத்தில் வெர்லீன், தனியாக.

இரண்டு பத்துக்கு மூன்றாம் தள விளக்கு எரிந்தது.

நான் மணியை அழுத்தக் கை நீட்டினேன். பக்னர் என் மணிக்கட்டின் மேல் கை வைத்தார். பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

"இரும்மா. என்ன அவசரம்? ஆம்பளைங்க பாக்குற வேலை வேணும்னுதானே வந்தா. பார்ப்போமே."

"சார், விளக்கு எரியுது சார்."

"எனக்கும் கண்ணு இருக்கு."

[நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். — அடித்தேன். டா.வீ.]

[நான் கத்தினேன். — அடித்தேன். டா.வீ.]

நான் உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் காபியைக் குடித்து முடித்தார். இரண்டு பதினேழுக்குக் கோப்பையை வைத்துவிட்டு, "ம், அனுப்பு" என்றார்.

ஆட்கள் போனபோது சண்டை முடிந்திருந்தது. கூர்தீட்டிய கம்பி வைத்திருந்த ஒரு கைதிக்கும், அவன் குத்தப் பார்த்த இன்னொருவனுக்கும் நடுவில் வெர்லீன் நின்றிருந்தாள். பேசியே கம்பியைக் கீழே வைக்கச் செய்திருந்தாள். அதற்குள் அவளுடைய காறை எலும்பு முறிந்திருந்தது. ரிசீவர் வயரில் ஆடிக்கொண்டிருந்ததாம்.

"விளக்கு ரெண்டு பதினேழுக்கு எரிஞ்சதுன்னு எழுதும்மா," என்றார் பக்னர். குரலில் கோபமே இல்லை. "நீ நல்ல பொண்ணு. உன்னை எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

எழுதினேன். ஏன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு இருபத்தைந்து வயது, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, இந்த வேலை போனால் ஊரில் வேறு வேலை இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிஷம் என் காதில் விழுந்தது "எல்லாருக்கும் புடிச்சிருக்கு" என்பதுதான். வெட்கமாக இருக்கிறது. அதற்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

6

பக்னரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ஆசிரியை இந்த இடத்தைப் படித்துவிட்டு, "அவர் ரொம்ப லேசாக வருகிறாரே, வில்லனாகத் தெரியவில்லையே" என்றாள். நானும் மீசை வைத்துப் பார்த்தேன், வசைச்சொல் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த மனிதர் என் அம்மா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். என்னைப் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கவைத்தவர். அவர் சாவுக்கு நான் அழுதேன். அவர் கையின் எடை இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி வைப்பது என்று எனக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை.

7

வெர்லீன் உதவி கேட்கத் தாமதித்தாள் என்று அறிக்கை போயிற்று. அவளைத் தளத்திலிருந்து தூக்கித் தபால் அறையில் போட்டார்கள். அவள் பாகுபாட்டுப் புகார் கொடுத்தாள்: பெண் என்பதாலும், கறுப்பினத்தவள் என்பதாலும், வேண்டுமென்றே ஆள் அனுப்பவில்லை என்று.

விசாரணை மாவட்டத் தலைநகரில். தோளில் கட்டோடு வந்திருந்தாள். சிறைத்துறையின் வக்கீல், பணிப் புத்தகத்தில் நான் எழுதிய பக்கத்தின் நகலை அவளிடம் நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"டார்லா வீஸ்."

"அவங்க உங்களுக்கு வேண்டாதவங்களா?"

"என் சிநேகிதி."

"அவங்க நேரத்தைப் பொய்யா எழுதக்கூடிய ஆளா?"

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெர்லீன் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது தன் வேலையை. அவள் காப்பாற்றியது என்னை.

"இல்லைங்க. ரெண்டு பதினேழுன்னு டார்லா எழுதியிருந்தா, ரெண்டு பதினேழுக்குத்தான் எரிஞ்சிருக்கும். ஃபோன்ல ஏதோ கோளாறு இருக்கணும்."

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, அவள் வேலையும் போயிற்று. வெளியே படிக்கட்டில் நல்ல கையால் என் தோளைத் தட்டி, "அழாதடி. மெஷின் பண்ணுன தப்புக்கு நீ என்ன பண்ணுவே?" என்றாள். பிறகு டேட்டன் நகரத்துக்குப் போய்ப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். நான் சார்ஜன்ட் ஆனேன், பிறகு லெஃப்டினன்ட். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து அட்டை வரும். அடியில் ஒரே மாதிரி எழுதியிருப்பாள்: "ரொட்டி ஓரம் உனக்குத்தான்."

8

போன வருஷம் மியூசியத்துக்கு உதவ வந்த மின்வேலைக்காரர் பலகையைத் திறந்து பார்த்தார். "இந்த வயரை யாருமே தொட்டதில்லை. மூணாம் தளம் கல்லு மாதிரி இருக்கு," என்றார். இப்போது அதுதான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. ஒருவர் மேலே ரிசீவரை எடுப்பார், கீழே மற்றவர்கள் கத்துவார்கள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு: வெள்ளிக்கிழமையே பலகைக்குப் பின்னால் கை விட்டு ஒரு வயரை உருவிவிடுகிறேன். அவள் ஃபோனை ஆசை தீரத் திட்டுகிறாள். சாப்பிடப் போகிறோம். (உருவப் போனேன். உருவவில்லை.)

இரண்டாம் முடிவு: நான் சொல்கிறேன். அவள் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்டி, லூசு" என்று கட்டிக்கொள்கிறாள். இதை எழுதும்போது அழுதேன், அதனாலேயே இதை நம்பவில்லை. இது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற பரிசு.

மூன்றாம் முடிவு: நான் சொல்கிறேன். அவள் திரும்பிப் போய் வேனில் ஏறுகிறாள். அட்டை நின்றுபோகிறது.

[நான்காம் முடிவு: சனிக்கிழமைக்கு முன்பே நான் — அடித்தேன். டா.வீ. சாவை வைத்துத் தப்பிக்கிறாயா கிழவி.]

9

சனிக்கிழமை, காலை 10:38. இதைக் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டாள். முழங்கால் போய்விட்டது, கைத்தடி இருக்கிறது, சிரிப்பு மட்டும் அப்படியே. துடைப்ப அறைக்குள் எட்டிப் பார்த்து, "அட, நம்ம அரண்மனை" என்றாள். காகிதத்தில் சுற்றிய ஒரு சோள ரொட்டியை என் கையில் திணித்தாள். அதைப் பிரித்து அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தோழிகளோடு படியேறத் தொடங்கிவிட்டாள்.

"நீ வராதே. போய் உன் பழைய எடத்துல உக்காரு," என்று மேலிருந்து சொன்னாள். "நான் எடுத்ததும் நேரத்தைப் பாரு. இந்தச் சனியன் எவ்வளவு நேரம் எடுத்துக்குதுன்னு எங்க பொம்பளைங்களும் பாக்கட்டும். நீ எழுதினா நான் நம்புவேன்."

எழுதியவர்தான் அடிக்கலாம் என்றேன் அல்லவா. இதை மட்டும் செய்துவிடுகிறேன்.

1979, ஆகஸ்ட் 14. மூன்றாம் தள விளக்கு எரிந்தது: [2:17 — அடித்தேன். டா.வீ.] 2:10.

தாளில் எழுதியாயிற்று. இனி வாயால் சொல்ல வேண்டும், அதுதான் வரவில்லை. மூன்று தளங்களைத் தாண்டி அவள் குரல் கீழே வருகிறது. "டார்லா, எடுத்துட்டேண்டி. எரியுதா?"

எரிகிறது. அவள் கேட்டு முடிப்பதற்குள் எரிந்துவிட்டது.

பணி மாறும்போது வருகிற காவலர் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அடுத்த வரி அவருடையது. நீங்கள் முழுக்கப் படித்துவிட்டீர்கள். நான் எழுந்துகொள்கிறேன். பேனா மேசைமேல் இருக்கிறது, ரொட்டியும் இருக்கிறது. அவள் மேலே காத்திருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் தளம். ரிசீவர் எடுக்கப்பட்டது: 10:42.
விளக்கு எரிந்தது: ________