கல்லில் முளைத்த முடி

புனேயில் ஜூலை மாதம் வந்துவிட்டால் எதற்குத்தான் பூசணம் பிடிக்காது? செருப்புக்குப் பிடிக்கும், பெல்ட்டுக்குப் பிடிக்கும், கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் மனுஷனுக்கே பிடித்துவிடும். கீழக்கரையிலிருந்து இங்கே கசார்வாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாகக் குல்சும் இந்தப் பூசணத்தோடுதான் மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அவள் புருஷன் அமீர் அலிக்குப் பழைய மும்பை ரோட்டில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை. தங்கமான மனுஷர். குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரே ஒரு கோளாறு, கல் பைத்தியம். எங்கே கிணறு வெட்டினாலும் எங்கே பாறைக்கு வெடி வைத்தாலும் அங்கே போய் நிற்பார். இந்த ஊர்க் கரும்பாறைக்குள் அங்கங்கே பொந்து இருக்கும். அதை உடைத்தால் உள்ளே பச்சைக் கண்ணாடிக் கட்டியாக, நீலப் பூவாக, என்னென்னவோ விளைந்து கிடக்கும். நல்லதாகக் கிடைத்ததை ஒரு கல்லூரியின் கல் காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்துவிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு இருக்கும்: ‘அளித்தவர்: அமீர் அலி, கசார்வாடி.’ பெருநாள் தொழுகை முடிந்ததும் புதுச் சட்டையோடு நேரே அங்கே போய் அந்தச் சீட்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு பிரியாணி தின்ன வருவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்தக் காட்சியகத்தின் பொறுப்பாளர் ஜான்சி மேடம் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. நாகர்கோவில்காரர், ஜியாலஜி பேராசிரியர். படித்தவர் வருகிறாரே, வீடு வீடாக இருக்க வேண்டாமா? குல்சும் காலையிலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அலமாரி மேலே ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தாள்.

“அல்லாவே, இதென்ன எழவு!”

உள்ளே ஒரு கறுத்த கல். பிளந்த தேங்காய் மூடிபோல நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழி முழுக்க வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாகப் பூசணம்! செருப்பில் பார்த்திருக்கிறாள், ஊறுகாயில் பார்த்திருக்கிறாள், இவ்வளவு செழிப்பாக எங்கேயும் பார்த்ததில்லை. டப்பாவில் போட்டு மூடினால் பிடிக்காமல் என்ன செய்யும்? இந்த மனுஷருக்கு எப்போதுதான் புத்தி வரும்? மேடம் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

குழாயடியில் உட்கார்ந்தாள். பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தாள். வெள்ளையெல்லாம் கூழாகிச் சாக்கடையோடு போயிற்று. கல் பளிச்சென்றாகிவிட்டது. அவளுக்கு ஒரே பெருமை.

அப்போது போன் அடித்தது. கடையிலிருந்து அமீர் அலி.

“குல்சும், மேடம் அஞ்சு மணிக்கு வந்துருவாஹ. அலமாரி மேல பிஸ்கட் டப்பா இருக்கு பாரு, அதை மட்டும் தொறந்துராத. மேடமும் நீயும் ஒண்ணாப் பாக்கணும்னு ஒளிச்சு வச்சிருக்கேன்.”

“அப்படி என்ன மச்சான் வச்சிருக்கிய?”

“முடி புள்ள! கல்லுல மொளைச்ச முடி!” அவர் குரல் சின்னப் பிள்ளையினுடையதுபோல் துள்ளியது. “பாத்தா பஞ்சு கணக்கா இருக்கும். அம்புட்டும் கல்லு. மனுஷப் பொறவியே இல்லாத காலத்துல, பாறைக்குள்ள இருட்டுல, தானா மொளைச்சது. விரல் பட்டா ஒடிஞ்சுரும், தண்ணி பட்டா போச்சு. போன்ல அளவு சொன்னேன், இத்தனை பெருசு மேடமே பாத்ததில்லையாம். நடு மண்டபத்துல தனிப் பெட்டி போட்டு வைக்கப் போறாஹ, எம் பேரைப் போட்டு!”

குல்சும் கையில் பிரஷ் அப்படியே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணுமில்ல... அடுப்புல பால் வச்சிருக்கேன்,” என்று சொல்லி போனை வைத்தாள்.

ஓடிப்போய்ச் சாக்கடை வாயைத் துழாவினாள். அங்கே என்ன இருக்கும், நுரைதான் இருந்தது. என் கையில் கொள்ளி வைக்க என்று தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தக் குரல் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருந்தது. பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? மருந்து டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்தாள். சின்னச் சின்னதாக உருட்டினாள், பசை தடவிக் கல்லில் ஒட்டினாள். தூர நின்று பார்த்தால் அசல் போலவே இருந்தது. தூர நின்று பார்ப்பதற்கா பேராசிரியர் வருகிறார்? அந்த யோசனை அவளுக்கு அப்போது வரவில்லை.

ஐந்து மணிக்கு அமீர் அலி கடையைப் பூட்டிவிட்டு வர, பின்னாலேயே ஜான்சி மேடமும் வந்தார். மழைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, “தேங்காப்பால் மணம் அடிக்கி! வட்டலப்பமா?” என்று சொந்தக்காரிபோல் சிரித்தார். குல்சும் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை.

அமீர் அலி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. மெல்லத் தலையைத் தூக்கிச் சமையலறை வாசலைப் பார்த்தார். குல்சும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அது போதாதா? எல்லாம் அவருக்குப் புரிந்துபோயிற்று.

அதற்குள் மேடம் லென்ஸை எடுத்துக் குனிந்துவிட்டார். “பாய், இது பஞ்சுல்லா? பசை இன்னும் காயக்கூட இல்ல!”

“ஆமா மேடம்,” என்றார் அமீர் அலி. “நான்தான் ஒட்டினேன்.”

குல்சுமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்கு வருகிறவனுக்கு சீட் துணி அரைக் கெஜம் கூடக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர, பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

மேடத்தின் சிரிப்பு எங்கே போயிற்றோ. “நீங்களா? என்னை ஏமாத்தவா? அப்போ இத்தனை வருஷமா நீங்க தந்த கல்லெல்லாம்?”

அமீர் அலி டப்பா மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் எடுத்துச் சோதிக்கணும் பாய். அதுவரைக்கும் உங்க பேரு அங்க இருக்கக்கூடாது. மன்னிச்சிருங்க.”

“ஐயோ, இல்ல மேடம்!” குல்சும் பாய்ந்து வந்தாள். “நாந்தான்! நாந்தான் பூசணம்னு நெனச்சுக் கழுவித் தொலைச்சேன். பஞ்சை ஒட்டினதும் இந்தக் கைதான். அஹளுக்கு ஒண்ணும் தெரியாது!”

மேடம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “புருஷனைக் காப்பாத்தணும்னு சொல்லுகீங்க. எனக்கு மனசிலாவுது.”

உண்மைக்கு வந்த கதியைப் பாருங்கள்! சொன்ன பொய்யை நம்பியாயிற்று, இனி உண்மை வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் யார் கேட்பார்? குல்சும் கல்லைப் பிடுங்காத குறையாகத் தூக்கினாள். நகத்தால் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். “நல்லாப் பாருங்க மேடம்! அடியில வேராச்சும் இருக்கும், பாருங்க!”

அவள் அழுகையைப் பார்க்கச் சகியாமல்தான் மேடம் மறுபடி லென்ஸை வைத்தார். வேண்டாவெறுப்பாகப் பார்த்தவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

“என் கர்த்தரே... அசல்! எல்லா இடத்துலயும் ஒடிஞ்ச மிச்சம் தெரியுது. இந்தா, இந்த வெடிப்புக்குள்ள ஒண்ணு முழுசா நிக்கி!”

பிரஷ் நுழைய முடியாத இடுக்கில், கடுகளவில் ஓர் உருண்டை தப்பியிருந்தது. மேடம் லென்ஸைக் குல்சும் கண்ணருகே பிடித்தார்.

குல்சும் பார்த்தாள். ஆயிரம் மயிரிழைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடாமல், நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு நுனியிலும் வெளிச்சம். ஓர் இழை ஊசி முனையில் பாதிகூட இராது, அதையும் யாரோ உட்கார்ந்து சீவி வைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு குழி நிறைய இருந்ததையா பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்தோம்? கழுவியபோதோ, போன் வந்தபோதோகூட வராத நடுக்கம் அவளுக்கு இப்போது வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மன்னிச்சிருங்க பாய்,” என்றார் ஜான்சி மேடம். “உங்க பேரு அங்கேயேதான் இருக்கும்.”

அமீர் அலி அதற்குத் தலையாட்டக்கூட இல்லை. லென்ஸை வாங்கிப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்த ஒண்ணையாச்சும் எடுத்துட்டுப் போயிருங்க மேடம். இந்த வீட்ல இருக்க வேணாம்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. இதுதான் முதல். குல்சும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்லை டப்பாவில் வைத்து, மூடி உரசாமல் மூடி, தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். மேடம் முன்னால் குடை பிடித்துக்கொண்டு போக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி, மழையில் நின்ற காருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.